அறுபத்திரண்டு வரிகளில் இல்லாதது

ஜாதகத்துக்குப் பதிலாக நாங்கள் ஆஸ்பத்திரி ஃபைல்களை மாற்றிக்கொண்டோம். யோசனை அவருடையது. எனக்கு அறுபத்தொன்பது வயது, அவருக்கு அறுபத்து மூன்று. என் மனைவி போய் ஐந்து வருடம், அவர் கணவர் போய்ப் பத்தொன்பது வருடம். இருவருக்கும் இது இரண்டாம் கல்யாணம்.

“ஏனுங்க, இந்த வயசுல கட்டம் பாத்து என்னுங்க ஆகப்போவுது? உங்க ஃபைலக் கொண்டாங்க, என்னுத நான் தாறேன். சர்க்கரை எத்தன, பிரசர் எத்தன, அதுதானுங்க பொருத்தம்” என்றார்.

நான் இருப்பது மைசூரில், அவர் கொள்ளேகாலில். மைசூரில் தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பெற்றோர் விட்டுப்போன வீட்டுக்குத் திரும்பியவர். பென்ஷன் கணக்கு மட்டும் இன்னும் மைசூர் வங்கியில். உயிரோடு இருக்கிறோம் என்று நவம்பர்தோறும் சான்று கொடுக்க நிற்கும் வரிசையில்தான் நாங்கள் முதலில் பேசினோம். அவருடைய கட்டைவிரல் ரேகை கருவியில் விழவில்லை. ஏழு தடவை வைத்துப் பார்த்தார். என் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தேன். எட்டாவது தடவை விழுந்தது. “எட்டு தடவ கேட்டுத்தான் நா உசுரோட இருக்கறத ஒத்துக்குது” என்று வரிசைக்கே கேட்கும்படி சொன்னார். பிறகு போனில் பேசினோம், வாரத்துக்கு இரண்டு முறை, பிறகு நான்கு. அடுத்த அக்டோபர் கடைசியில் ஒரு நாள், “ரெண்டு வீட்டுல ரெண்டு குக்கர் எதுக்குங்க?” என்று கேட்டார். பெண் கேட்டது, மாப்பிள்ளை கேட்டது எல்லாம் அதுதான்.

நவம்பரில் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் நோட்டீஸ் கொடுத்தோம். முப்பது நாள் பலகையில் ஒட்டியிருக்கும்; அந்த நோட்டீஸ் மொத்தம் மூன்று மாதம் செல்லும். டிசம்பர் இரண்டாவது வாரத்தில் ஒரு நாளைக் குறித்தோம். கோயம்புத்தூரில் இருக்கும் அவர் மகன் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று, மார்கழி பிறப்பதற்குள் முடிந்துவிட வேண்டும்.

அதற்குப் பிறகுதான் ஃபைல். அவருடையது மெலிந்தது: தைராய்டு மாத்திரைச் சீட்டு, ஒரு மணிக்கட்டு எலும்பு முறிவு, அவ்வளவே. என்னுடையது நீல பிளாஸ்டிக் உறை, முகப்பில் பொருளடக்கம், வருடவாரியாக ஓரத்தில் அடையாளச் சீட்டு ஒட்டியது. முப்பத்து நான்கு வருடம் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு அளக்க வேறு எதுவும் மிச்சமில்லாததால் என்னையே அளந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு வருடமும் முழு உடல் பரிசோதனை, அறுபத்திரண்டு வரிகள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்பது நிமிடம் படித்தார். பிறகு உறையை மூடி, “எல்லாமே இருக்குதுங்க. இதுக்கு மேல ஒரு மனுசனப் பத்தித் தெரிஞ்சுக்க என்ன இருக்குது?” என்றார்.

நல்ல மனதோடு சொன்ன வார்த்தை. எனக்கு அது காலில் முள் ஏறினாற்போல் இருந்தது.

மறுநாள் காலை நடைக்குப் போகாமல் மேசை முன் உட்கார்ந்து அறுபத்திரண்டு வரிகளையும் விரல் வைத்துப் படித்தேன். கொழுப்பு ஐந்து வரி, ஈரல் பதினொன்று, சிறுநீரகம் ஆறு, இரும்பு, சுண்ணாம்பு, விட்டமின். ஒவ்வொரு வருடமும் அறுபத்திரண்டும் சரியாக இருந்ததால் என் ரத்தத்தில் இருப்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். எச்.ஐ.வி. என்ற வரி அதில் இல்லை. சிஃபிலிஸ் இல்லை. கேட்டால்தான் அவற்றைச் செய்வார்கள் என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது. நான் கேட்டதே இல்லை.

கேட்டிருக்க வேண்டியவன்தான். மனைவி போன பிறகு மூன்று பேர். முதலாமவர் குண்டலுபேட்டையில் ஒரு சின்ன மெஸ் நடத்தியவர். நிலத் தகராறு ஒன்றுக்குச் சாட்சி சொல்ல நான் அங்கே ஆறு முறை போய்வந்தபோது பழக்கம். இரண்டாமவர் பெங்களூரில், போனில் அறிமுகமானவர். இரண்டு முறை பார்த்தேன். மூன்றாமவர் ஒரு சகபயணி. அக்டோபர் மழையில் மேட்டூரிலிருந்து திரும்பும்போது காட்டுவழியில் மரம் விழுந்துவிட்டதென்று பாலாறு செக்போஸ்டில் பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள். மேட்டூரில் ஒரே லாட்ஜில் தங்க நேர்ந்தது. இரண்டு பேருமே தனி ஆள்கள், இரண்டு பேருக்குமே பேச ஆள் வேண்டியிருந்தது. இவர்கள் மூவரைப் பற்றியும் எனக்கு ஒரு குறையும் இல்லை. அன்பாகவே இருந்தார்கள். குறை என்னைப் பற்றியதுதான். ஒரு முறைகூட ஆணுறை போட்டுக்கொள்ளவில்லை.

ஏன் என்று கேட்டால் அன்றைக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. முப்பத்தொன்பது வருடத்துக்கு முன், இரண்டாவது குழந்தை பிறந்த கையோடு, நான் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவன். அந்தச் சான்றிதழ் ஃபைலில் முதல் பக்கம். எங்கள் தலைமுறைக்குச் சுவர்களில் எழுதியதும் ரேடியோவில் சொன்னதும் அளவான குடும்பம் பற்றித்தான். உறை என்பது பிள்ளை வராமல் இருக்க. பிள்ளை வர வழியில்லாதவனுக்கு, அதுவும் அந்தப் பெண்களும் ஐம்பதைத் தாண்டியவர்களாக இருக்கும்போது, அது எதற்கு? வாழ்நாள் முழுவதும் எல்லாவற்றையும் எண்ணிய நான் இந்த ஒரு விஷயத்தில் பிள்ளைகளை மட்டுமே எண்ணியிருக்கிறேன்.

அன்றிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. ஒரு நாளைக்கு நான்கு தடவை தெர்மாமீட்டர் வைத்துக் குறித்துக்கொண்டேன். வாயில் ஒரு புண் வந்தது. அது வெற்றிலையில் சுண்ணாம்பு கூடியதால் என்று எனக்கே தெரியும், இருந்தும் அதைக் கண்ணாடியில் ஒன்பது தடவை பார்த்தேன். முழங்கையில் இருந்த படை எத்தனை வருடமாக இருக்கிறது என்று பழைய புகைப்படங்களைத் தேடினேன்.

வழக்கமான லேபுக்குப் போனேன். கவுன்டரில் இருக்கும் பெண் என்னைப் பன்னிரண்டு வருடமாகத் தெரிந்தவள். “வாங்க அங்கிள், இந்த மாசம் ஏதும் டியூ இல்லையே, என்ன டெஸ்ட்?” என்றாள் உரக்க. பின்னால் ஐந்து பேர். அதில் ஒருவர் என் நடைக்கூட்டாளி. விட்டமின் டி என்றேன். ரத்தம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் மறுபடி போனேன். வரிசையில் இரண்டே பேர்தான், ஆனாலும் பி12 என்றேன். ஒரே வாரத்தில் இரண்டு முறை கையில் ஊசி ஏற்றிக்கொண்டும் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இந்தச் சோதனைக்கென்று ஒரு தனி அறை உண்டு. ஆலோசனை சொல்ல ஆள், பெயர் வெளியே போகாது, ஒரு எண் கொடுத்துவிடுவார்கள் என்று வெளிச்சுவரில் கன்னடத்தில் எழுதியிருந்தது. முந்தின நாளே போய் அதை நின்று படித்துவிட்டுத் திரும்பியிருந்தேன். சொல்ல வேண்டியதைக் கன்னடத்திலேயே ஏழு வாக்கியங்களாக எழுதி மனப்பாடம் செய்துகொண்டேன்.

அறையில் முப்பது வயதுக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நான்காவது வாக்கியத்தில் என்னை நிறுத்தினாள்.

“தமிழா சார்? உங்க கன்னடா ரொம்ப இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு, அதான் கேட்டேன். எங்கப்பா சென்ட்ரிங் வேலைக்குத் தருமபுரிலேர்ந்து வந்தவரு. தமிழ்லயே சொல்லுங்க, பரவால்ல.”

அதுதான் எனக்குச் சங்கடமாகப் போயிற்று. கன்னடத்தில் சொல்லும்போது அது யாரோ ஒருவருக்கு நடந்தது போல இருந்தது. தமிழில் எனக்கே நடந்ததாகிவிட்டது. முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன். அவள் தண்ணீர் கொடுத்துவிட்டு, வேறு ஏதோ காகிதத்தைப் பார்ப்பது போல் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள். எத்தனை பேர், எப்போது, உறை உண்டா, புண் எரிச்சல் ஏதும் உண்டா, எப்போதாவது ரத்தம் ஏற்றினார்களா. நான் டைரியை எடுத்துத் தேதிகளைப் படித்தேன்.

“எல்லாரும் ‘ஒரே ஒரு தடவ, எப்பவோ’ன்னுதான் சொல்வாங்க. தேதியோட வந்த மொத ஆளு நீங்கதான் சார்” என்று சிரித்தாள். கேலி இல்லை அதில்.

உறை ஏன் போடவில்லை என்றதும் ஆபரேஷனைச் சொன்னேன். சான்றிதழைக் காட்டக்கூட ஃபைலைத் திறந்தேன். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தாள்.

“அது புள்ள வர்ற வாசலுக்குப் போட்ட பூட்டு, இல்லையா சார்? இது வேற வாசல். உங்க வயசுல வர்றவங்க நெறையப் பேர் இதத்தான் சொல்றாங்க. நீங்க ஒருத்தர் மட்டும் இல்ல.”

நான் ஒருவன் மட்டும் இல்லை என்பதைக் கேட்டபோதுதான் நாற்காலியில் முதுகைச் சாய்த்தேன்.

ரத்தம் எடுத்து ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டாள். எச்.ஐ.வி. இல்லை, சிஃபிலிஸ் இல்லை. மஞ்சள் காமாலை வகைகளுக்கும் சிறுநீருக்கும் பக்கத்து அறை டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவற்றிலும் பின்னால் ஒன்றும் வரவில்லை. எழுந்து கும்பிடப் போனவனை அவள் உட்காரச் சொன்னாள். முதல் இருவர் விஷயத்தில் இந்த முடிவை நம்பலாம். மூன்றாமவரோடு நடந்து முப்பத்தெட்டு நாள்தான் ஆகிறது. ரத்தத்தில் தெரிய நாள் பிடிக்கும், மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்தால்தான் உறுதி, அதுவரை யாரோடும் உறை இல்லாமல் கூடாது என்றாள். மறுநாளே வந்திருந்தால், எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கிற தடுப்பு மாத்திரையும் இருந்திருக்கிறதாம். மணிக்கணக்காக எண்ணத் தெரிந்தவனுக்கு எண்ண வேண்டிய மணி எது என்று தெரியவில்லை.

சுவரில் இருந்த பெட்டியிலிருந்து ஒரு கொத்து உறையை எடுத்துக் கொடுத்தாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு பார்த்தேன், பத்து. ஃபைலின் கடைசி அடையாளச் சீட்டுக்குப் பின்னால் வைத்தேன்.

அந்த மேட்டூர் இரவிலிருந்து எண்ணினால், தொண்ணூறாவது நாள் ஜனவரியில் வருகிறது. கல்யாணம் அறுபத்தோராம் நாள்.

வீட்டுக்கு வந்து காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த முதல் காகிதத்தை நம்பிப் போய்விடலாம். ‘இல்லை’ என்று தெளிவாகத்தானே எழுதியிருக்கிறது? ஆனால் தொழிற்சாலையில் பாதிச் சோதனை முடிந்த பொருளுக்கு நான் ஒரு நாளும் முத்திரை குத்தியதில்லை. இரும்புக்கே செய்யாததை அவருக்கு எப்படிச் செய்வது? அப்படியானால் தள்ளிப்போட வேண்டும். தள்ளிப்போட்டால் காரணம் கேட்பார். காரணத்தைச் சொன்னால் அவர் போய்விடலாம். உண்மையில் என் பயம் அவர் போய்விடுவதுதான். நோயைவிட அதற்கே அதிகம் பயந்தேன்.

அப்போதுதான் மார்கழி கண்ணில் பட்டது. ஒரே ஒரு வாரம் தள்ளினால் போதும், மார்கழி பிறந்துவிடும். மார்கழி பிறந்துவிட்டால் அவர் மகனே தைக்குத் தள்ளிவிடுவார், ஏன் என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை. தை பிறக்கும்போது எனக்குத் தொண்ணூறு நாள் தாண்டியிருக்கும். நோட்டீஸும் செல்லும். நான் சொல்ல வேண்டியது ஒரு வாரத்துக்கான சின்னப் பொய். மீதியைக் காலண்டரே சொல்லிவிடும். கணக்கு அவ்வளவு சுத்தமாக வந்ததில் எனக்குப் பெருமைகூட ஏற்பட்டது.

மூன்றாம் நாள் கொள்ளேகால் பஸ் ஏறினேன். அவர் சமையலறையில் தரையில் உட்கார்ந்து, ஊறவைத்த அவரையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். பருவத்தின் முதல் அவரை. நானும் ஒரு பலகையில் உட்கார்ந்து பிதுக்க ஆரம்பித்தேன். கண்ணில் புரை, பத்தாம் தேதி ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஒரு வாரம் தள்ளிவைக்க வேண்டியிருக்கும் என்றேன்.

“அப்ப மார்கழி வந்துருமுங்க. பரவால்ல, தையில வெச்சுக்கலாம். கண்ணுதானுங்க முக்கியம்” என்றார் உடனே. பிறகு என் முகத்தையே பார்த்தார். “போன வருசம் ரெண்டு கண்ணும் சுத்தம்னு உங்க ஃபைல்ல போட்டிருந்துதே. ஒரே வருசத்துல புரை உழுந்துருச்சா, பாவம். சொட்டு மருந்து நாலு வேளை ஊத்தோணும், தனியா எப்படிப் பண்ணுவீங்க? நா வந்து ஒரு வாரம் இருக்கறேன்.”

சந்தேகம் துளியும் இல்லை. எழுந்து போய், மைசூருக்கு எடுத்துவர இரண்டு சேலையைத் தனியாக மடித்து வைத்துவிட்டு வந்தார். நான் சாப்பிட்டேன். பிதுக்கின அவரைக் குழம்பு. இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்ளவில்லை என்று அவர் கவனித்ததை நானும் கவனித்தேன்.

அவர் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு எண்ணூற்றுச் சொச்சம் அடி. மைசூர் வண்டி நின்றுகொண்டிருந்தது, ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. உட்கார்ந்து, கண்ணுக்குச் சொட்டு மருந்து ஊற்ற வருகிறவருக்கு என்ன புட்டியைக் காட்டுவது என்று யோசித்தேன். கண் கட்டு ஒன்று வாங்க வேண்டும். டாக்டர் சீட்டு ஒன்று வேண்டும். ஒரு வாரத்துக்கான சின்னப் பொய்க்கு இதுவரை மூன்று சாமான் தேவைப்பட்டது. கண்டக்டர் விசில் ஊதினார். நான் இறங்கிவிட்டேன்.

கதவைத் திறந்தவர், “குடைய உட்டுட்டீங்களா?” என்றார்.

“கண்ணு நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

சமையலறை வாசலில் நின்றுகொண்டே சொன்னேன். மைசூர் அறையில் ஒரு முறை தமிழில் சொல்லிவிட்டதால் இங்கே நடுவில் நிற்கவில்லை. முப்பத்தெட்டு, தொண்ணூறு, அறுபத்தொன்று, எல்லாவற்றையும் சொன்னேன். மார்கழித் திட்டத்தையும் சொன்னேன். அவர் கையில் இருந்த துணியால் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

“எத்தன பேருங்க?”

“மூணு.”

“கடேசியா எப்போ?”

“அக்டோபர்ல. நீங்க குக்கர் பத்திக் கேக்கறதுக்குப் பதினோரு நாள் முன்னாடி.”

“அதுக்கு முன்னாடி நடந்ததக் கேக்க நா யாரு” என்றார். துணியை உதறிப் போட்டார். பிறகு குரல் மாறியது. “ஆனா இந்தக் கண்ணு இருக்குது பாருங்க. சேலைய மடிச்சு வெச்சிட்டனுங்க நானு. சொட்டு மருந்து ஊத்த வர்றவளுக்குக் கண்ணு நல்லாருக்குதுன்னு தெரிஞ்சா எப்படி இருக்கும்? அதுக்குத்தான் எனக்குக் கோவம்.”

மன்னிக்கச் சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை அவர். பதினைந்து நிமிடம் இருக்கும், நான் நின்றேன், அவர் பாத்திரம் தேய்த்தார். கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, முதுகைக் காட்டியபடியே பேச ஆரம்பித்தார்.

“எங்கூட்டுக்காரரு லாரி ஓட்டுனவருங்க. பாலாறு தாண்டி மேட்டூரு, சேலம், அங்கேர்ந்து பம்பாயி. மாசத்துல நாலு நாளு வீட்டுல இருப்பாரு. ஒண்ணும் கேக்கல நா. அவரு போனப்பறம் ஒரு காய்ச்ச வந்தாலும், ஒரு கிலோ கொறைஞ்சாலும் அதுவோன்னு இருக்கும். பாத்துரலாம்னா, போயி என்னன்னு சொல்றது? செத்த மனுசனச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிருமே. பத்தொம்பது வருசமாச்சு.” திரும்பினார். “என்ற ஃபைலும் முழுசில்லீங்க.”

பலகையைக் காலால் என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன்.

“நீங்க மறுக்காப் போறன்னைக்கு நானும் வாறேன். பத்தொம்பது வருசம் பொறுத்தவளுக்கு அம்பது நாளு பெருசா?”

“நாப்பத்தொம்பது” என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

அவர் மகனிடம் தை என்று மட்டும் சொன்னோம். சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்.

இடைப்பட்ட நாட்களில் இன்னொரு வேலை இருந்தது. ஆலோசனைப் பெண் சொல்லியிருந்தாள், முடிந்தால் அந்த மூவரிடமும் சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று. குண்டலுபேட்டை அம்மையார் என் முடிவைக் கேட்டுவிட்டு, “உங்களுக்கு இல்லேன்னா எனக்கு எதுக்கு?” என்று விவாதம் செய்தார், பிறகு பார்க்கிறேன் என்றார், பார்த்தாரா தெரியாது. பெங்களூர் எண் உபயோகத்தில் இல்லை. நான்கு முறை போட்டுப் பார்த்தேன். அது இன்னும் என் மனதில் உறுத்துகிறது. மூன்றாமவர் நான் சொல்லச் சொல்லப் போனை வைத்துவிட்டார். பன்னிரண்டு நாள் கழித்து ஒரு செய்தி வந்தது: “பார்த்தாச்சு. ஒன்றுமில்லை. நீங்களும் நல்லா இருங்க.” அதை நான் அழித்துவிடவில்லை. கொள்ளேகாலுக்கு அடுத்த முறை போனபோது காட்டினேன். படித்துவிட்டு, நல்ல பொம்பள என்றார்.

தொண்ணூற்றிரண்டாம் நாள் காலை அவர் முதல் பஸ்ஸில் வந்தார். அதே அறை, அதே பெண். ஒவ்வொருவராகத்தான் வர வேண்டும் என்றாள். எனக்கு ஒரு எண், அவருக்கு அடுத்த எண். மர பெஞ்சில் காத்திருந்தோம். என்னை முதலில் கூப்பிட்டாள். இல்லை. இந்த முறை உறுதியான ‘இல்லை’. வெளியே வந்து தலையை ஆட்டிக் காட்டினேன். அவர் உள்ளே போனார்.

எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. அவருக்கு இருபத்தாறு.

வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பெருசு இல்லியாமுங்க. எச்.ஐ.வி. இல்ல. இன்னொண்ணு இருக்குதாம், சிஃபிலிஸ். ரொம்பப் பழசாம், உள்ளயே தூங்கிட்டு இருந்துருக்குது. இன்னொரு டெஸ்ட் பண்ணி உறுதி பண்ணிட்டு, வாரத்துக்கு ஒண்ணா மூணு ஊசி போடோணுமாம். போட்டாச் சரியாப் போயிருமாம்.”

வாழ்நாளில் ஒரே ஒரு ஆணை அறிந்தவர் அவர். மூன்று பேரோடு அலட்சியமாக இருந்த எனக்கு ஒன்றும் இல்லை. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கையைப் பிடிக்கலாமா என்று யோசித்து, ஆஸ்பத்திரி வராந்தா என்பதால் ஃபைலை மட்டும் அவர் மடியிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

“அவரு மேல கோவமா இருக்குதுங்க” என்றார். “இத்தன வருசம் வராத கோவம். செத்தவர எங்க போயிக் கேக்கறது? ஆனா ஒண்ணு. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் பயந்து செத்ததெல்லாம் இந்த மூணு ஊசிக்குத்தானா?”

அவருக்கு அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வந்தது. ஆலோசனைப் பெண் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, இரண்டு டீ சொல்லி அனுப்பினாள்.

இரண்டாவது சோதனையும் அதையே சொன்னது. மூன்று ஊசிகளுக்கும் நான் கூடப் போனேன். இடுப்பில் போடுகிற ஊசி, கடுமையான வலி. ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் அங்கேயே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். மூன்றாவது ஊசி நூற்றேழாம் நாள். சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் கல்யாணம் அதிலிருந்து ஆறு நாளில். நோட்டீஸ் காலாவதி ஆக அதற்கு மேலும் ஏழு நாள் இருந்தது. எல்லாம் சரியாக வருகிறது என்று அன்று காலை அவரிடம் சொன்னபோது, “காலாவதி ஆவறது நோட்டீசு மட்டும்தானே, நாம இல்லியே” என்றார்.

மூன்றாவது ஊசி முடிந்து அவரைக் கொள்ளேகால் கொண்டுபோய் விட பஸ் ஏறினோம். பாதி வண்டி காலி. அவரால் உட்கார முடியவில்லை; வலித்தால் நின்றுகொள்ளுங்கள் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வருகிறேன் என்றார். நானும் எழுந்து பக்கத்தில் நின்றேன். கண்டக்டருக்கு இது பிடிக்கவில்லை. இவ்வளவு சீட் காலியாக இருக்க இரண்டு பெரியவர்கள் நிற்பது தனக்குக் கெட்ட பெயர் என்பது போல இரண்டு முறை வந்து, “கூத்கொள்ளி யஜமான்ரே” என்று உட்காரச் சொன்னார். ஏன் நிற்கிறோம் என்று எப்படிச் சொல்வது? டாக்டர் சொன்னது என்றேன். அது பொய்யும் இல்லை.

நரசீபுரம் வரை நின்றேன். அதற்குள் பதினேழு வேகத்தடை. பதினெட்டாவதில் என் முட்டி மடங்கிவிட்டது, பக்கத்து சீட்டில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

“இவ்வளவுதானா உங்க தொணை?” என்றார் அவர் மேலிருந்து, கம்பியைப் பிடித்தபடி. “உக்காருங்க, உக்காருங்க. முட்டி பத்தி உங்க ஃபைல்ல நா அப்பவே படிச்சேன்.”